மழைக்கால அடுப்பும் சித்திரை வெயிலும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களும் நம் உழவர் குடும்பங்களின் அடுப்படிக்குச் சோதனைக் காலம். தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையிலே ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்துவிடுகிறது. கொல்லையிலே கத்தரிச் செடி வேரழுகி நிற்கும். சந்தைக்கு வரும் காய் குறையும். வருகின்ற சிறிதளவும் விலையேறியே வரும். நடவு முடிந்த வயல்களிலே களையெடுப்பு நீங்கலாகப் பெரிய வேலை ஏதும் இல்லாமையால், கூலியை நம்பி வாழ்வோரின் கையிருப்பும் அப்பொழுதுதான் மெலிந்திருக்கும். விலை ஏறுவதும் வருவாய் இறங்குவதும் ஒரே காலத்தில் நேர்வதால், பல வீடுகளில் சோறும் உப்பும் மிளகாயுமாகவே அந்நாட்கள் கழிகின்றன.

பங்குனி, சித்திரையிலோ நிலைமை இதற்கு நேர்மாறு. கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கொத்தவரையும் கத்தரியும் வெண்டையும் ஒருங்கே சந்தைக்கு வந்து குவிகின்றன. வண்டிக்கூலிக்கும் கட்டுபடியாகவில்லை என்று காயைச் செடியிலேயே விட்டுவிடும் குடியானவர்களை நாம் பல ஆண்டுகளாகக் காண்கிறோம். அந்தப் பருவத்தின் மிகுதியை இந்தப் பருவத்தின் குறைவுக்கென்று எடுத்து வைக்கும் வழியே வற்றலும் வடகமும். இவற்றைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெறும் சுவைப்பண்டமாகக் கருதிக் கடையில் சிறு பொட்டலமாக வாங்கும் வழக்கம் இப்பொழுது கிராமங்களிலும் பரவிவிட்டது. உண்மையில் இவை பாதி சமைத்து வைத்த உணவு. மழைநாளில் அடுப்பில் வைக்க வேண்டியது மீதிப் பாதிதான்.

குளிர் நாடுகளிலே இலையுதிர் காலம் வந்ததும், அப்பொழுது மலிவாகக் கிடைக்கும் பூசணி, ஆப்பிள் முதலியவற்றைச் சமைத்து, உறைபெட்டியிலே பல வாரங்களுக்கு அடுக்கி வைத்துக்கொள்ளுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அது மின்சாரம் அறாமல் கிடைக்கும் வரையில்தான் நல்ல முறை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன்னே வேதாரண்யத்துக்கு அருகில் கரையைக் கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்துச் சென்றது. பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. அந்த நாட்களில் குளிர்பதனப் பெட்டி வெறும் அலமாரியாகவே நின்றது. வற்றல் சாடிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. எனினும் அதற்கும் ஒரு பகை உண்டு. அந்தப் பகையைப் பற்றியே இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அதற்கு முன் செய்முறைகளைப் பார்ப்போம்.

காயிலிருந்து நீரை அகற்றுதல்

காய் அழுகுவதற்கு அதனுள் இருக்கும் நீரே காரணம். கத்தரிக்காயின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேலும், கொத்தவரையில் எண்பது பங்கு அளவும் நீர்தான். ஆகவே ஒரு கிலோ கொத்தவரை நன்றாக உலர்ந்தால் ஏறத்தாழ 200 கிராமாகவும், ஒரு கிலோ கத்தரி 100 கிராமுக்கும் குறைவாகவும் சுருங்கிவிடும். நீர் போய்விட்ட இடத்தில் நுண்கிருமிகள் வளர இயலா. உப்பு காயினுள்ளிருந்து நீரை வெளியே இழுக்கிறது. புளித்த மோரின் புளிப்பு, காய் உலர்ந்து முடியும் வரையில் கிருமிகளைத் தடுத்து வைக்கிறது. வெயிலும் காற்றும் எஞ்சிய வேலையைச் செய்து முடிக்கின்றன.

கொத்தவரை வற்றலே எல்லாவற்றிலும் எளியது. புதிதாகத் தொடங்குவோர் இதிலிருந்து தொடங்கலாம். இளங்காயாகப் பார்த்து எடுத்து, இரு நுனிகளையும் கிள்ளி, நன்கு கழுவிக்கொள்ள வேண்டும். வாயகன்ற பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவிட்டு, கிலோ ஒன்றுக்கு 50 கிராம் உப்பைச் சேர்த்து, காய்களைப் போட்டு மூன்று நான்கு நிமிடம் வைத்திருந்து வடித்துவிடுக. காய் வேக வேண்டியதில்லை. நிறம் பளிச்சென்று மாறினால் போதும். கொதிநீரில் இடாமல் பச்சையாகவே காயவைப்போரும் உண்டு. அவ்வாறு செய்தால் காயினுள் இயல்பாகவே உள்ள நொதிகள் உலரும்போதும் வேலை செய்துகொண்டேயிருந்து, நிறத்தையும் மணத்தையும் கெடுத்துவிடும். சில நிமிடக் கொதிநீர் அவற்றை அடக்கிவிடுகிறது. வடித்த காயைப் பாயிலோ வெள்ளைத் துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, நான்கு நாள் காயவிடுக. கத்தரி, வெண்டை, பாகல், அவரை எல்லாம் இதே வழியில்தான். கத்தரியை நீளவாக்கிலும், பாகலை வில்லையாகவும் அரிந்துகொள்வது மட்டுமே வேறுபாடு. வெண்டை கொழகொழப்பாதலால் அதனைக் கொதிநீரில் இடாமல் உப்பும் மோரும் பிசிறிக் காயவைப்பது நலம்.

சுண்டைக்காய்க்குப் பொறுமை சற்று மிகுதியாக வேண்டும். காம்பை நீக்கிய காய்களை அம்மியிலோ கல்லிலோ வைத்து, நசுங்கிப் போகாமல் வாய் பிளக்கும் அளவுக்குத் தட்டுக. தட்டிய காயை நீரில் இரண்டு முறை அலசினால் விதைகளில் ஒரு பகுதி நீங்கிக் கசப்புக் குறையும். ஒரு கிலோ காய்க்கு ஒரு லிட்டர் புளித்த மோரும் 75 கிராம் கல்லுப்பும் கலந்து, அதில் இரவு முழுவதும் ஊறவிடுக. காலையில் காயை மட்டும் வடித்தெடுத்து வெயிலில் பரப்பி, மோரையும் மூடி வைத்திருந்து, மாலையில் காயை மீண்டும் அதே மோரில் போடுக. மோர் முழுவதும் காயில் ஏறி வற்றுவதற்கு மூன்று நாளாகும். அதன்பின் நான்கைந்து நாள் வெயில் வேண்டும். மணத்தக்காளிக்கு இதே முறைதான். பழுக்காத பச்சைக் காயாக இருத்தல் வேண்டும், தட்ட வேண்டுவதில்லை. மோர் மிளகாயும் அவ்வாறே. காம்பை விட்டுவைத்து, வயிற்றைச் சிறிது கீறிக்கொண்டால் உப்பு உள்ளே இறங்கும்.

வடகம் என்பது காயைக் காட்டிலும் தானியத்தைச் சேர்ந்தது. வடாம் என்பாரும், கூழ்வற்றல் என்பாரும் உண்டு. ஊருக்கு ஊர் பெயர் மாறும். பச்சரிசி நொய்யே இதற்குப் போதும். முழு அரிசியைச் செலவிட வேண்டியதில்லை. நொய்யை ஊறவைத்து அரைத்துக்கொண்டு, ஒரு பங்கு மாவுக்குப் பிழிவதானால் மூன்று பங்கும், கரண்டியால் ஊற்றுவதானால் ஆறு பங்கும் நீர் வைத்துக் கைவிடாமல் கிளறிக் கூழாகக் காய்ச்ச வேண்டும். அரைத்த பச்சை மிளகாய், பெருங்காயம், சீரகம் ஆகியன போதும். இறக்கியபின் எலுமிச்சைச்சாறு பிழிந்தால் வடகம் வெண்மையாக வரும். உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூழை நாக்கில் வைத்துப் பார்க்கும்போது உப்புச் சற்றுக் குறைவாகத் தோன்ற வேண்டும். நீர் போய்விடும், உப்புப் போகாது. கூழிலேயே சரியாக இருக்கும்படி போட்டால், பொரித்த வடகம் வாயில் வைக்க இயலாதபடி கரிக்கும். முந்தின நாள் மிஞ்சிய சோற்றையும் உப்பும் மிளகாயும் சேர்த்து மசித்துக் கிள்ளி வைத்துவிடலாம். பாதி காய்ந்த வடகத்தைக் காவலுக்கு வைத்த பிள்ளைகளே தின்றுவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்தக் கணக்கையும் சேர்த்தே மாவை அளக்க வேண்டும்.

ஆயினும் ஏழைக் குடும்பத்துக்கு இவை எல்லாவற்றையும்விட மிகப் பயன்படுவது தாளிப்பு வடகம் என்பது நம் கருத்து. வெங்காய வடகம் என்றும் இதனைச் சொல்வர். உரித்த சின்ன வெங்காயம் 2 கிலோ, பூண்டு கால் கிலோ ஆகியவற்றை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்க. ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்த உளுந்து 200 கிராம், கடுகு 100 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, தேவையான உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு மூடி வைத்து, மறுநாள் காலையில் எலுமிச்சையளவு உருண்டைகளாகப் பிடித்துக் காயவைக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. உருண்டையின் மேற்புறம் விரைவில் காய்ந்து ஓடாகிவிடும். உட்புறத்து ஈரம் வெளியேற வழியிராது. ஆகையால் முதல் மூன்று நான்கு மாலைகளில் உருண்டைகளை உதிர்த்துப் பிசைந்து, மறுநாள் காலையில் மீண்டும் உருட்ட வேண்டும். கடைசி முறை உருட்டுகையில் கையில் சிறிது விளக்கெண்ணெய் தடவிக்கொள்வது பழைய வழக்கம். பின்னர் ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் கல்போல் இறுகும். கார்த்திகையில் வெங்காயம் என்ன விலை விற்றாலும், இதில் பாதி உருண்டையை உதிர்த்து எண்ணெயில் தாளித்துவிட்டால், வெறும் புளித்தண்ணீரும் குழம்பாகிவிடும்.

காயவைக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தார்ச்சாலையின் ஓரத்தில் பரப்புவது அறவே கூடாது. வண்டிகள் எழுப்பும் புழுதியும் புகையும் வற்றலின்மேல் படியும். தரையில் பாய் விரிப்பதைக் காட்டிலும், கயிற்றுக் கட்டிலின்மேல் துணி விரித்துப் பரப்புவது சிறந்தது. கீழேயும் காற்றுப் புகுவதால் விரைவில் உலரும், கோழியும் ஆடும் வாய் வைக்கா. கட்டிலின் நான்கு கால்களிலும் மூங்கிற்குச்சி கட்டிப் பழைய கொசுவலையைப் போர்த்திவிட்டால், காக்கைக்கும் ஈக்கும் காவலிருக்க வேண்டிய தொல்லை குறையும். சூரியன் சாயுமுன்பே எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவுப் பனியில் விட்டால் பகலெல்லாம் போன ஈரத்தில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும்.

சாடிக்குள் நேரும் கேடு

வற்றல் கெடுவது பெரும்பாலும் வெயிலில் கிடக்கும்போது அன்று, சாடிக்குள் வைத்தபின்னரே. சித்திரையில் கலகலவென்று ஒலித்த சுண்டைக்காய், ஐப்பசியின் முதல் அடைமழைக்குப் பிறகு பதத்துப் போவதைப் பலரும் கண்டிருப்பர். நன்றாகக் காயவில்லை போலும் என்று வெயிலைக் குறை சொல்வார்கள். உண்மைக் காரணம் பல வேளைகளில் வற்றலில் உள்ள உப்பே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால், உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கல்லுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் அதற்கு முன்னதாகவே நீரை இழுக்கும். மழைக்காலத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டியே நிற்கிறது. கோடையிலே காயிலிருந்து நீரை வெளியே இழுத்த அதே உப்பு, மழையிலே காற்றிலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ளுகிறது. நாள்தோறும் ஒரு பிடி எடுக்கப் பெரிய சாடியைத் திறக்கும் வீட்டில், நாள்தோறும் சிறிது ஈரம் உள்ளே போகிறது.

இதற்கு முற்காலத்தில் ஒரு காப்பு இருந்தது. விறகடுப்புக்கு மேலே பரண் கட்டி, அதில்தான் வற்றல் பானைகளை வைத்தனர். அடுப்பின் சூடும் புகையும் அந்த இடத்தை எந்நாளும் உலர்வாக வைத்திருந்தன. எரிவாயு அடுப்பு வந்தபின் புகை நீங்கித் தாய்மார்களின் கண்ணும் நுரையீரலும் பிழைத்தன. அது பெரிய நன்மை. ஆனால் பரணுக்குக் கிடைத்த சூடும் அதனோடு போயிற்று. பழைய பானையைப் பழைய பரணிலேயே வைத்துவிட்டு, முன்போல் ஏன் இருப்பதில்லை என்று கேட்பதில் பயனில்லை. இப்பொழுது காப்பை வேறு வகையில் தேட வேண்டும்.

முதலாவது, வற்றல் முழுவதும் உலர்ந்ததா என்று ஐயமறத் தெரிந்துகொள்ள வேண்டும். வடகம் வளையாமல் ஓசையுடன் ஒடிய வேண்டும், கொத்தவரையும் அவ்வாறே, சுண்டைக்காய் குலுக்கினால் கூழாங்கல் போல ஒலிக்க வேண்டும். இதிலும் ஐயமிருப்பின், தானியத்தின் ஈரம் பார்ப்பதற்குக் கையாளும் எளிய சோதனை ஒன்றை இங்கும் செய்து பார்க்கலாம். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் பாதியளவு வற்றலை இட்டு, வாணலியில் வறுத்து ஆறிய தூளுப்பு ஒரு தேக்கரண்டி சேர்த்து, இறுக மூடி ஒரு நாள் வைத்திருந்து குலுக்குக. உப்பு மணல்போல உதிர்ந்து ஓடினால் வற்றல் தேறிற்று. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும்.

அடுத்தது, வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு அடைக்கலாகாது. சூடாக அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் வற்றலின்மேலேயே சொட்டும். நிழலில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அன்று பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட வேண்டும். மண்பானை ஈரத்தை உறிஞ்சுவது, மழைக்காலத்துக்கு ஆகாது. உப்புள்ள பொருளால் தகர டப்பா துருவேறும். திருகு மூடியுள்ள கண்ணாடிப் புட்டி, பீங்கான் சாடி, அழுந்த மூடும் எவர்சில்வர் டப்பா இவை தக்கன. எல்லாவற்றையும் ஒரே சாடியில் வைக்காமல், வாரத்துக்கு ஒன்றாகச் சிறு புட்டிகளில் பிரித்து வைப்பதே நாம் வற்புறுத்திச் சொல்லும் வழி. அப்பொழுது ஒன்று பதத்தாலும் மற்றவை பிழைக்கும். கார்த்திகைக் கடைசியில் திறக்கவேண்டிய புட்டி கார்த்திகைக் கடைசி வரையில் மழைக்காற்றையே காணாது.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. ஆவணி கடைசியிலோ புரட்டாசி தொடக்கத்திலோ நல்ல வெயிலுள்ள இரண்டு நாட்களைப் பார்த்து, வற்றல், வடகம் அனைத்தையும் வெளியே எடுத்து மறுபடியும் காயவைத்துப் புட்டிகளையும் துடைத்துக் காயவைத்து அடைக்க வேண்டும். சித்திரையில் பட்ட பாடு ஐப்பசியில் பலனளிப்பது இந்த இரண்டு நாள் வேலையைப் பொறுத்தது. தென்காசி, கன்னியாகுமரி முதலிய மாவட்டங்களில் தென்மேற்குப் பருவக்காற்றினால் ஆனி, ஆடியிலேயே சாரல் வந்துவிடுமாதலால், அங்குள்ளோர் வைகாசி முடிவதற்குள் அடைத்துவிட்டு, சாரல் ஓய்ந்ததும் முதல் வெயிலிலேயே இதனைச் செய்துகொள்ள வேண்டும்.

பூசணம் பிடித்த வற்றலை என் செய்வது? இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை, எறிந்துவிட வேண்டும். துடைத்து, கழுவி, எண்ணெயில் பொரித்துவிட்டால் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் எண்ணுகிறார்கள். பொருளை வீணாக்க மனமில்லாமையே இதற்குக் காரணம். அந்த மனத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டபோது, அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிலே பூசணத்தால் உண்டான நஞ்சு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அஃப்ளடாக்சின் என்று பெயரிடப்பட்ட இந்த நஞ்சு நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவற்றில் ஈரம் ஏறினால் உண்டாகக் கூடியது. ஈரலைத் தாக்குவது, நாட்பட உண்டால் புற்றுநோய்க்கும் காரணமாவது. வீட்டில் பொரிக்கும் சூட்டுக்கும் கழுவும் நீருக்கும் அது முற்றிலும் அழிவதில்லை. கண்ணுக்குப் பூசணம் தெரிந்த புட்டியில் தெரியாத இடத்திலும் அது படர்ந்திருக்கும். ஆகவே அந்தப் புட்டி முழுவதையும் எறிக. ஆடுமாடுகளுக்கும் கோழிகளுக்கும் வைக்கலாகாது. வாரத்துக்கு ஒரு புட்டியாகப் பிரித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எறிய நேர்ந்தாலும் ஒரு வாரத்துப் பொருளோடு இழப்பு நிற்கும்.

மழைநாளில் அடுப்பில் வைப்பது

ஐந்து பேருக்கு வற்றல் குழம்பு வைக்க 30 கிராம் வற்றல் போதும். கொத்தவரை, கத்தரி வற்றலாயின் வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை ஊற்றிவிடுக. மிகுதியான உப்பு அதனோடு போகும். சுண்டைக்காயையும் மணத்தக்காளியையும் ஊறவைக்காமல் நல்லெண்ணெயில் சிவக்க வறுக்க வேண்டும். கருகினால் குழம்பு முழுவதும் கசந்துவிடும். கடுகு, வெந்தயம், சிறிது துவரம்பருப்புத் தாளித்து, குழம்புப்பொடி இரண்டு கரண்டி சேர்த்துப் புரட்டி, பெரிய எலுமிச்சையளவு புளியைக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதக்கும் வரையில் கொதிக்கவிடுக. உப்பைக் கடைசியில் சுவை பார்த்தே சேர்க்க வேண்டும். புளிப்பு மிகுந்து நீர் குறைந்திருப்பதால், காலையும் மாலையும் ஒரு கொதி கொதிக்கவைத்து, ஈரக்கரண்டி படாமல் காத்தால் குளிர்பதனப் பெட்டியின்றியே இரண்டு நாள் இருக்கும். விறகும் எரிவாயுவும் எவ்வளவு மிச்சம் என்பதைக் குடும்பம் நடத்துவோர் அறிவர்.

வயலுக்கும் பள்ளிக்கும் கட்டிக்கொடுக்கப் புளிக்காய்ச்சல் ஏற்றது. மாசி, பங்குனியில் புதுப்புளி மலிந்திருக்கும்போது வாங்கி, கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்துச் சாடியில் அடைத்து வைத்திருந்தால், மழை தொடங்குமுன் கால் கிலோ புளியைக் கெட்டியாகக் கரைத்து, 150 மில்லி நல்லெண்ணெயில் மிளகாய், கடுகு, கடலைப்பருப்பு, பெருங்காயம் தாளித்து, புளிக்கரைசலைச் சேர்த்துச் சுண்டக் காய்ச்சி, வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும் தூவி இறக்கலாம். ஆறியபின் கண்ணாடியிலோ பீங்கானிலோ வைக்க வேண்டும். பித்தளையும் அலுமினியமும் புளிக்கு ஆகா. உலர்ந்த கரண்டியால் எடுத்து வந்தால் மூன்று நான்கு வாரம் கெடாது. சோற்றைப் பிசைந்து கொடுத்தால் போதும்.

ஆனால் வற்றலும் புளியுமாகவே வயிற்றை நிரப்பலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெயிலில் உலர்ந்த காயில் நார்ப்பொருளும் உலோகச் சத்துக்களும் தங்கும். வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். உடலை வளர்க்கும் புரதமும் இதில் மிகக் குறைவு. துவரை, கொள்ளு, உளுந்து ஆகியவற்றை மிளகு, பூண்டுடன் வறுத்துப் பொடித்த பருப்புப்பொடியையும் உடன்வைத்துக்கொண்டால் அந்தக் குறை ஓரளவு நீங்கும். முருங்கைக்கீரையைக் கழுவி, வெயில் படாமல் நிழலில் உலர்த்திப் பொடித்து வைக்கலாம். நேர்வெயில் கீரையிலுள்ள கரோட்டினை அழித்துவிடும் என்பதால்தான் நிழல் என்கிறோம். கார்த்திகை, மார்கழியில் வரும் நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி மிகுந்தவை. உப்பைப் பொறுத்தவரையில், பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்டே உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு மோர் மிளகாயும் பொரித்த வற்றலும் எப்போதேனும் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிற்க வேண்டும்.

எவ்வளவு செய்து வைப்பது?

ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குச் சற்று மேல். வாரம் இரண்டு முறை வற்றல் குழம்பு என்றால் பதினாறு முறை. முறைக்கு 30 கிராம் வீதம் ஏறக்குறைய அரைக் கிலோ வற்றல் வேண்டும். கொத்தவரையாயின் அதற்கு இரண்டரைக் கிலோ பச்சைக்காய் போதும். மேலே சொன்ன அளவில் தாளிப்பு வடகம் செய்தால் நாற்பது உருண்டை வரையில் கிடைக்கும்; தாளிப்புக்குப் பாதி உருண்டை வீதம் இரண்டு திங்களுக்கும் அது தாராளம். ஒரு கிலோ நொய்யில் வடகமும், ஒரு கிலோ சுண்டைக்காயும் இவற்றுடன் சேர்ந்தால் குறைவில்லை. இவ்வளவையும் ஒரு வீட்டார் தனியே செய்வது கடினமாயின், நான்கைந்து வீட்டார் கூடிச் செய்யலாம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி இன்று மாநிலமெங்கும் பரவியுள்ள மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது நன்கு பொருந்தும். ஒரு நாள் ஒருவர் வீட்டுக் கூழைக் கிளறினால், மறுநாள் அடுத்தவர் வீட்டில். காவலுக்கும் ஆள் மாறிக்கொள்ளலாம். மிஞ்சியதை விற்க எண்ணும் குழுவினர் உணவுப் பாதுகாப்புத் துறையில் முதலில் பதிவு செய்துகொண்டு, பொட்டலத்தின்மேல் செய்த தேதியையும் எடையையும் அச்சிட வேண்டும். தங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் கெடாமல் வைத்துப் பார்த்த பண்டத்தையே விற்பனைக்குக் கொண்டுவருவது நலம்.

தை பிறந்து புதுநெல் வீடு வந்தபின்னும் புட்டியில் ஏதேனும் மிஞ்சியிருப்பின், ஒடித்தும் முகர்ந்தும் பார்த்து, நல்லதாயின் மாசி வெயிலில் ஒரு நாள் காட்டி, முதலில் அதைச் செலவிட்டுவிட வேண்டும். புதிதாகச் செய்யும் வற்றலோடு அதனைக் கலக்கலாகாது. பழையதில் ஒளிந்திருக்கும் ஈரமும் வண்டும் புதியதையும் கெடுத்துவிடும். காலியான புட்டிகளைச் சுடுநீரில் கழுவி, மூடியைத் தனியே கழற்றி, பங்குனி வரையில் கவிழ்த்தே வைக்கலாம்.